காசிமேட்டிலிருந்து வேளாங்கண்ணிக்கு முதல் நடை: காலுக்கு என்ன, தோளுக்கு என்ன?

தண்டையார்பேட்டை_தம்பி | ஜூன் 7, இரவு 9:52

எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்குப் போன வருஷம் இதய அறுவை சிகிச்சை நடந்தது. நல்லபடியாக வீடு திரும்பினால் மாதா கோயிலுக்கு நடந்தே வருகிறேன் என்று ஆஸ்பத்திரி மாடிப்படியில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டேன். இப்போது அம்மா நன்றாக இருக்கிறார். காலையில் மீன் வாங்க அவரேதான் போகிறார். வேண்டுதலைத் தீர்க்க வேண்டும்.

எங்கள் பக்கத்துக் குழு காசிமேட்டிலிருந்து ஆகஸ்ட் 18 விடிகாலை கிளம்புகிறது. 29-ம் தேதி கொடியேற்றம், அதற்கு முந்தின நாள் சாயங்காலம் போய்ச் சேருவதாகத் திட்டம். சுமார் 320 கிலோமீட்டர், 11 நாள். சமையல் பாத்திரம், படுக்கை எல்லாம் குட்டி யானை வண்டியில் வந்துவிடும்.

எனக்கு வயது 36, எடை 84 கிலோ. கண்டெய்னர் யார்டில் பில் போடும் வேலை, நாள் முழுக்க நாற்காலிதான். போன வாரம் மலையேறுகிறவர்கள் போடுகிற மாதிரி கணுக்கால் வரை வரும் பூட்ஸ் ஒன்று 4,200 ரூபாய்க்கு வாங்கினேன். அதைப் போட்டுக்கொண்டு காசிமேடு வரை இரண்டு நாள் போய் வந்ததிலேயே குதிகால் தோல் உரிந்துவிட்டது. மாற்றித் தரச் சொல்லிக் கேட்டால், தெருவில் போட்டு நடந்ததை எடுத்துக்கொள்ள முடியாது என்கிறார்கள்.

என்ன வாங்க வேண்டும், என்ன வாங்கக் கூடாது, எப்படிப் பழக வேண்டும்? நடந்தவர்கள் சொல்லுங்கள்.

---

நடைக்காரன்_58 | ஜூன் 7, இரவு 11:20

தம்பி, அம்மா நலமாக இருப்பது சந்தோஷம். இதுவரை பதினோரு தடவை போயிருக்கிறேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பூட்ஸை எடுத்து ஓரமாக வை. காசு போனது வருத்தம்தான், ஆனால் அது கல்லும் சேறுமான மலைப்பாதைக்குச் செய்தது. நாம் நடப்பது தார் ரோடு. 320 கிலோமீட்டர் என்றால் நாலு லட்சம் அடிக்கு மேல். காலில் கட்டியிருக்கிற கூடுதல் அரைக் கிலோவை ஒவ்வொரு அடிக்கும் தூக்கி வைக்க வேண்டும். ஓட்டத்துக்குப் போடுகிற எடை குறைந்த ஷூ போதும். முன்பக்கம் அகலமாக, விரல்கள் விரிந்து நிற்க இடம் இருக்க வேண்டும். அடிப்பாகம் கையால் அழுத்தினால் கொஞ்சம் மெத்தென்று இருக்கட்டும். நடுவில் முறுக்கிப் பார், துணி மாதிரி முறுக்கிக்கொண்டால் வேண்டாம்.

ஷூ வாங்கச் சாயங்காலம் போ. நாள் முழுக்க இருந்த கால் அப்போதுதான் கொஞ்சம் உப்பியிருக்கும், நடையில் அதைவிட அதிகமாகவே உப்பும். நீ நடக்கப்போகிற சாக்ஸையே போட்டுக்கொண்டு நின்று பார். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் காலியாக இருக்க வேண்டும். வழக்கமான அளவைவிட அரை எண்ணோ ஒரு எண்ணோ கூடும், அதைப் பார்த்துப் பயப்படாதே. இந்த வாரமே வாங்கிவிடு. ஆகஸ்டுக்குள் அந்த ஷூ 150 கிலோமீட்டராவது உன் காலில் போயிருக்க வேண்டும். புது ஷூவோடு கிளம்பியவர்கள் கோவளம் தாண்டும்போதே ஷூவைக் கழற்றிவிட்டுச் செருப்பு வாங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

ஷூவின் மேல் ஓட்டைக்குப் பின்னால் தள்ளி இன்னொரு சின்ன ஓட்டை இருக்கும், பார்த்திருப்பாய். முக்கால்வாசிப் பேர் அதைத் தொடுவதே இல்லை. கயிற்றை மேல் ஓட்டையிலிருந்து அதே பக்கத்துச் சின்ன ஓட்டைக்குள் விடு, இரண்டு பக்கமும் காது மாதிரி ஒரு வளையம் வரும். இடது கயிற்றை வலது வளையத்துக்குள்ளும் வலது கயிற்றை இடது வளையத்துக்குள்ளும் நுழைத்துக் கீழ்நோக்கி இழுத்துக் கட்டு. குதிகால் பின்னால் அப்படியே உட்கார்ந்துகொள்ளும், மேலும் கீழும் வழுக்காது. உனக்குத் தோல் உரிந்த இடம் அதுதானே? மதியத்துக்கு மேல் கால் உப்பும்போது முன்பக்கக் கயிற்றை மட்டும் தளர்த்து.

பருத்தி சாக்ஸ் வேர்வையைக் குடித்து ஈரமாகவே கிடக்கும், ஈரத்தோல் சீக்கிரம் பிய்யும். நைலான், பாலியஸ்டர் கலந்த விளையாட்டு சாக்ஸ் மூன்று ஜோடி போதும். விரல் நுனியில் தையல் தடித்திருந்தால் உள்ளே வெளியே திருப்பிப் போடு. பார்க்க நன்றாக இருக்காது, விரலுக்கு நன்றாக இருக்கும். துவைத்ததை ஊக்குப் போட்டுப் பையின் பின்னால் மாட்டிக்கொண்டு நட, மத்தியானத்துக்குள் காய்ந்துவிடும்.

இவ்வளவு சொன்னதில் ஒன்றே ஒன்றை மட்டும் வைத்துக்கொள் என்றால் இதைத்தான் சொல்வேன். என் முதல் வருஷம், மரக்காணம் உப்பளம் பக்கம். ஒதுங்க நிழல் கிடையாது, வெள்ளையாக உப்பு கண்ணைக் கூச வைக்கும். இடது காலில் கட்டைவிரலுக்குக் கீழே, ஒரு ரூபாய் அகலத்துக்குச் சுடுகிற மாதிரி இருந்தது. வலி இல்லை, சூடு மட்டும்தான். குழு முன்னால் போய்க்கொண்டிருந்தது, நான் ஒருவன் உட்கார்ந்தால் என்ன நினைப்பார்களோ என்று நடந்தேன். பாண்டிச்சேரியில் சாக்ஸைக் கழற்றியபோது தோல் அதோடு வந்தது. அந்த வருஷம் மாதாவைப் பஸ்ஸில் போய்த்தான் பார்த்தேன். கோயில் வாசலில் நின்று அழுதது இன்றைக்கும் மறக்கவில்லை. சூடு தெரிந்த அந்த நிமிஷமே உட்கார வேண்டும் தம்பி. ஷூவைக் கழற்று, காலைத் துடை, காய விடு, அந்த இடத்தில் டேப் ஒட்டு, சாக்ஸ் மாற்று. ஐந்து நிமிஷம் ஆகும். குழுவை எப்போது வேண்டுமானாலும் எட்டிப் பிடிக்கலாம்.

---

வார்_செருப்பு | ஜூன் 8, காலை 6:15

அண்ணன் சொன்னதில் ஷூ மட்டும் எனக்கு ஒத்துவரவில்லை. மூன்று தடவை போனேன், மூன்றும் குதிகாலில் வார் உள்ள சாண்டல்தான். ஆகஸ்டில் சாயங்கால மழை வரும். ஷூ நனைந்தால் அடுத்த நாள் முழுக்கச் சொதசொதவென்று இருக்கும், சாண்டல் அரை மணி நேரத்தில் காய்ந்துவிடும். மணல் புகுந்தாலும் ஒரு உதறு போதும். கொப்புளம் ஒன்றுகூட வந்ததில்லை.

---

நடைக்காரன்_58 | ஜூன் 8, காலை 7:02

உங்கள் கால் சாண்டலிலேயே வளர்ந்த கால். வருஷம் முழுக்க அதில் நடக்கிறவருக்கு அதுவே சரி, நானும் ஒப்புக்கொள்கிறேன். தம்பி நாற்காலியில் இருக்கிற மனிதர், அவருடைய குதிகால் தோல் ரோட்டுச் சூட்டுக்கும் தூசிக்கும் வெடித்துவிடும். ஆனால் ஒன்று, இரண்டாவது ஜோடியாக ஒரு வார் சாண்டல் குட்டி யானையில் இருக்கட்டும். மழை நாளுக்கும், ஷூ ஒரே இடத்தில் உரசினால் மாற்றிக்கொள்ளவும் அது உதவும். உரசும் இடம் மாறுவதே பாதி வைத்தியம்.

---

கடலோடி_காசி | ஜூன் 8, இரவு 8:40

நான் கடலுக்குப் போகிறவன். ஈரக்கால் என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். நாள் கணக்கில் தண்ணீரில் ஊறின பாதம் வெளுத்து, சுருங்கி, நகத்தால் கீறினாலே பிய்ந்துவிடும். அதனால் இரவில் பாதத்தைக் காற்றாட விடுங்கள். சாக்ஸோடு தூங்குகிற பழக்கமே வேண்டாம்.

போன், மருந்து, பணம் மூன்றையும் தனித்தனிக் கவரில் போட்டு, காற்றைப் பிழிந்து, வாயை முறுக்கி மடித்து ரப்பர் பேண்டு போடுங்கள். அதை இன்னொரு கவரில் தலைகீழாக வையுங்கள். விலை கூடின நீர்புகாப் பை எதுவும் தேவைப்படாது. கடலில் அலை அடித்தே எங்கள் போன் நனைவதில்லை.

மழைக்கோட்டு வேண்டாம். நம் புழுக்கத்துக்கு அதற்குள் வேர்வையிலேயே நனைந்துவிடுவோம். குடை எடுங்கள். வெயிலுக்கு அதுதான் நிழல், நிழலே இல்லாத இடத்தில் அதன் அருமை தெரியும். காற்று பலமாக இருந்தாலோ பெரிய லாரி பக்கத்தில் வந்தாலோ மடக்கிவிட வேண்டும், இல்லையென்றால் உங்களையும் இழுக்கும்.

டர்க்கி டவலை வீட்டிலேயே வைத்துவிட்டு ஒரு மெல்லிய துண்டு, ஒரு கைலி எடுத்துக்கொள்ளுங்கள். கைலி ஒன்று இருந்தால் விரிக்கலாம், போர்த்தலாம், குளிக்கும்போது மறைப்பாகக் கட்டலாம், நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டால் அரை மணி நேரத்துக்குக் குளிர்ச்சி.

---

மணலி_டிரைவர் | ஜூன் 9, இரவு 1:10

இருபத்திரண்டு வருஷமாக லாரி ஓட்டுகிறேன். ஒவ்வொரு ஆகஸ்டும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உங்களைப் பார்த்துப் பயந்துகொண்டே ஓட்டுகிறவன் என்ற முறையில் எழுதுகிறேன், தயவுசெய்து முழுதாகப் படியுங்கள்.

விடிகாலை நாலு மணிக்கு எதிரே ஒரு பஸ் முழு வெளிச்சத்தோடு வந்தால் இரண்டு மூன்று விநாடி எனக்கு ரோட்டோரம் தெரியாது. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடிக்குப் பதினாறு மீட்டர் போகிறேன். கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். காவித் துணி பகலில் நன்றாகத் தெரியும், இரவில் அது மண் நிறம்.

ஒளிரும் பட்டை போட்ட ஜாக்கெட் பாரிமுனைப் பக்கம் பாதுகாப்புப் பொருள் கடைகளில் குறைந்த விலைக்கே கிடைக்கும், ஆளுக்கு ஒன்று போடுங்கள். அதைவிட முக்கியமாக, அதே பட்டையைக் கணுக்காலைச் சுற்றிக் கட்டுங்கள். லைட்டை இறக்கி வைத்து வரும்போது வெளிச்சம் முதலில் விழுவது காலில்தான். அசையாமல் மின்னினால் கல்லோ பலகையோ என்று கண் விட்டுவிடும். மேலும் கீழும் மாறி மாறி மின்னினால் 'ஆள் நடக்கிறார்' என்று உடனே புரிந்துவிடும்.

நடைபாதை இல்லாத இடத்தில் வலது ஓரமாக, வண்டி எதிரே வருகிற மாதிரி நடங்கள். முதுகுக்குப் பின்னால் வருவதை நீங்கள் பார்க்க முடியாது. ஒருவர் பின் ஒருவராகப் போங்கள். முதல் ஆளிடம் டார்ச், கடைசி ஆளிடம் சிவப்பு விளக்கு இருக்கட்டும். காதில் எதையும் மாட்டாதீர்கள்.

இன்னொன்று, கெஞ்சிக் கேட்கிறேன். நிறுத்தி வைத்த லாரிக்கு அடியிலோ முன்னாலோ பின்னாலோ நிழலுக்காகப் படுக்காதீர்கள். தூக்கக் கலக்கத்தில் வண்டி எடுக்கிறவனுக்குக் கீழே ஆள் இருப்பது தெரியாது.

---

தண்டையார்பேட்டை_தம்பி | ஜூன் 9, காலை 8:30

அண்ணே, கணுக்கால் பட்டையைப் பற்றி யாரும் இதுவரை சொன்னதே இல்லை. எங்கள் குழுவில் 34 பேர், எல்லோருக்கும் சேர்த்து வாங்கச் சொல்லிவிட்டேன். நன்றி.

---

வார்டு_அக்கா | ஜூன் 9, இரவு 10:05

நான் அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். இரண்டு தடவை நடந்தவர்களோடு மருத்துவ உதவிக்குப் போயிருக்கிறேன்.

கொப்புளம் சின்னதாக, வலி இல்லாமல் இருந்தால் தொடாதீர்கள், மேலே டேப் போதும். பெரிதாக, மிதித்தால் வலிக்கிற இடத்தில் இருந்தால் மட்டும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, புது ஊசியால் ஓரத்தில் துளையிட்டுத் தண்ணீரை வடியுங்கள். மேல் தோலைப் பிய்க்கவே கூடாது, அதுதான் இயற்கை கொடுத்த பிளாஸ்திரி. நூலைக் கோத்து உள்ளேயே விட்டுவிடுகிற பழக்கம் சிலரிடம் இருக்கிறது. அந்த நூல் வழியாகவே அழுக்கு உள்ளே போகும், செய்யாதீர்கள்.

தண்ணீர். தாகம் எடுக்க எடுக்கக் குடியுங்கள், ஆனால் வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடித்துக்கொண்டே போகாதீர்கள். வேர்வையில் உப்பு போகிறது, வயிற்றில் வெறும் தண்ணீர் சேர்கிறது, ரத்தத்தில் உப்பு குறைந்து தலைவலி, வாந்தி, குழப்பம் என்று வரும். அதைக் களைப்பு என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுப்பார்கள். நடுநடுவே நீர்மோர், உப்புப் போட்ட கஞ்சி, எலுமிச்சைச் சாறு சேர்த்துக்கொள்ளுங்கள். ஓஆர்எஸ் வாங்கினால் உலக சுகாதார நிறுவன அளவு என்று அச்சடித்த தூள் பாக்கெட் வாங்குங்கள். லிட்டருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும் அதில் இருக்கும். ஒரு பாக்கெட்டை முழு லிட்டரில்தான் கரைக்க வேண்டும், அரை டம்ளரில் கரைத்துக் குடிக்கக் கூடாது. பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டரில் மட்டமாக ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் சரி, அடர்ந்து போனால் நிழலில் உட்காருங்கள்.

வலி மாத்திரையை மிட்டாய் மாதிரி பகிர்ந்துகொள்வதைப் பார்த்திருக்கிறேன். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் வகை மாத்திரைகள் உடம்பில் தண்ணீர் வற்றியிருக்கும்போது சிறுநீரகத்தைப் பாதிக்கும். தாங்க முடியாவிட்டால் பாராசிட்டமால், அதுவும் அளவோடு.

வெயிலில் யாராவது சம்பந்தமில்லாமல் பேசினாலோ, தள்ளாடினாலோ, உடம்பு கொதித்தாலோ உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், 108-க்குப் போன் போடுங்கள். மயக்கத்தில் இருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் கிளம்பும் முன் மருத்துவரிடம் மருந்தின் அளவைக் கேட்டே ஆக வேண்டும். நடக்க நடக்கச் சர்க்கரை இறங்கும், சட்டைப்பையில் சர்க்கரையோ மிட்டாயோ இருக்கட்டும். நரம்பு மரத்துப்போன காலில் மேலே அண்ணன் சொன்ன அந்தச் சூடு தெரியவே தெரியாது. அவர்கள் மணிக்கு ஒரு தடவை ஷூவைக் கழற்றிக் கண்ணால் பார்க்க வேண்டும், பாதத்தின் அடியைப் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

---

வண்ணை_வள்ளி | ஜூன் 10, மதியம் 2:45

பெண்கள் படிப்பார்கள் என்று எழுதுகிறேன். நர்ஸ் அக்கா தண்ணீர் பற்றிச் சொன்னார்கள், எங்கள் கஷ்டம் அதற்கு முந்தினது. ஒதுங்க இடம் இருக்காதே என்று தண்ணீரே குடிக்காமல் நடக்கிறோம். என் முதல் நடையில் நானும் அப்படித்தான் செய்தேன், கடலூரில் நீர்க்கடுப்பும் காய்ச்சலும் வந்து படுத்துவிட்டேன். இப்போது நாங்கள் எட்டுப் பெண்கள் சேர்ந்தே போகிறோம். பெட்ரோல் பங்க், கோயில், பள்ளிக்கூடம் எது வந்தாலும் எல்லோரும் போய்விட்டு வருவது என்று ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம், தேவைப்படுகிறதோ இல்லையோ. வழியில் எதுவும் இல்லாத இடத்தில் நாலு பேர் கைலியைப் பிடித்தால் மறைவு.

தொடை உரசல் பற்றி யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை, ஆண்களுக்கும் உண்டு. சுடிதார் பேண்டுக்குள் முழங்கால் வரை வருகிற சைக்கிளிங் ஷார்ட்ஸ் போடுங்கள். கிளம்பும் முன் தொடை இடுக்கு, அக்குள், உள்ளாடைப் பட்டி படுகிற இடம் எல்லாவற்றிலும் வாசலின். மத்தியானம் துடைத்துவிட்டு மறுபடி ஒரு தடவை. வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் புதுத் துணி வாங்கினால் இரண்டு மூன்று தடவை துவைத்துக் கஞ்சியை எடுத்த பிறகே நடைக்குப் போடுங்கள்.

மாதவிடாய்த் தேதி நடுவில் வரும் என்று தெரிந்தால் நாப்கினை எண்ணிக்கைக்கு மேல் எடுங்கள், வேர்வைக்கு அடிக்கடி மாற்ற வேண்டியிருக்கும்.

---

தண்டையார்பேட்டை_தம்பி | ஜூன் 10, இரவு 9:15

நன்றி அக்கா, தங்கைக்கும் காட்டினேன், அவளும் வருகிறாள்.

இரண்டு சந்தேகம். ஒன்று, குழுவில் பெரியவர் ஒருவர் வெறுங்காலோடு நடந்தால்தான் வேண்டுதல் என்கிறார். மனசு சஞ்சலப்படுகிறது. இரண்டு, வேலை முடிந்து வீட்டுக்கு வரவே ஏழு மணி ஆகிறது. எங்கே, எப்படிப் பழகுவது?

---

யானைகவுனி_தாசன் | ஜூன் 10, இரவு 10:30

நான் திருப்பதிக்கு நடக்கிறவன். புரட்டாசியில் திருப்பதிக் குடை ஊர்வலம் யானைகவுனி தாண்டுவதைப் பார்த்துவிட்டுக் கிளம்புவோம், சுமார் 140 கிலோமீட்டர், கடைசியில் அலிபிரியில் 3,550 படி. இருபது வருஷமாக வெறுங்கால்தான். ஆனால் நான் சுமை வேலை பார்க்கிறவன், சின்ன வயதிலிருந்து செருப்பே பழக்கமில்லை, என் பாதம் செருப்புத் தோல் மாதிரி. அதைப் பார்த்துவிட்டு ஒரு வருஷம் என்னோடு வெறுங்காலோடு வந்த தம்பி ஒருவனுக்கு ஊத்துக்கோட்டைக்குள் பாதம் வெந்துவிட்டது. அந்தக் குற்ற உணர்ச்சி எனக்கு இன்னும் இருக்கிறது.

நீங்கள் வேண்டிக்கொண்டபோது 'நடந்து வருகிறேன்' என்றுதானே சொன்னீர்கள்? சொன்னதைச் செய்யுங்கள். சொல்லாத ஒன்றைச் சாமி உங்களிடம் கேட்கவில்லை.

---

நடைக்காரன்_58 | ஜூன் 10, இரவு 10:48

தாசன் அண்ணன் சொன்னதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை. மனசு கேட்கவில்லை என்றால் கடைசி நாள், விடிவதற்குள், முதல் இரண்டு மூன்று கிலோமீட்டரை வெறுங்காலோடு நட. ரோடு அப்போது குளிர்ந்திருக்கும். மாதா குளத்துக்குப் போகிற மணல் பாதையில் முழங்காலிட்டுப் போகிறவர்களைப் பார்ப்பாய். அதற்குத் தெம்பு மிச்சம் வைத்துக்கொள்.

---

டோல்கேட்_நடை | ஜூன் 11, காலை 5:50

பழகுவதற்கு நம் பகுதி மாதிரி வசதி வேறு எங்கும் இல்லை. வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை 2021-ல் திறந்த மெட்ரோ நீட்டிப்பு 9 கிலோமீட்டர். அதை ஒட்டியே திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் நடங்கள். கிலோமீட்டருக்கு ஒரு நிலையம் என்று வைத்துக்கொள்ளலாம், தூரத்தை எண்ண வேண்டியதே இல்லை. கால் எங்கே போதும் என்கிறதோ அங்கே ஏறி வீட்டுக்கு வந்துவிடலாம். டோல்கேட், காலடிப்பேட்டை, தேரடி என்று வாரத்துக்கு ஒரு நிலையம் கூட்டினாலே போதும். கண்டெய்னர் லாரிகள் வரிசை கட்டி நிற்கிற எண்ணூர் கடற்கரை ரோட்டை இருட்டில் தவிருங்கள். ஞாயிற்றுக்கிழமை விடிகாலை எண்ணூர் வரை நடந்துவிட்டு மின்சார ரயிலில் திரும்பலாம்.

வார நாளில் 6 கிலோமீட்டர், நாலு நாள். சனி, ஞாயிறு இரண்டையும் அடுத்தடுத்து நீள நடையாக வையுங்கள். முதல் நாள் 25 கிலோமீட்டர் யாரும் நடந்துவிடலாம். மறுநாள் காலையில் அதே காலைத் தரையில் ஊன்றி எழுவதுதான் பழக வேண்டியது. ஜூலைக் கடைசியில் இரண்டு நாளும் 20, 20 நடந்துவிட்டீர்கள் என்றால் பயமில்லை. கிளம்புவதற்கு முந்தின வாரம் குறைத்துவிடுங்கள்.

பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம்தான் உங்கள் வேகம். மூச்சு வாங்கிப் பேச்சு அறுந்தால் அது வேறொருவருடைய வேகம்.

---

நடைக்காரன்_58 | ஜூன் 11, காலை 6:30

ரோட்டின் சரிவையும் சொல்லிவிடுகிறேன். மழைத்தண்ணீர் ஓட நடுவில் மேடாகவும் ஓரத்தில் சரிவாகவும் ரோடு போட்டிருப்பார்கள். நாள் கணக்கில் ஒரே ஓரத்தில் நடந்தால் ஒரு கால் எப்போதும் பள்ளத்தில். நாலாவது நாள் ஒரு பக்க முழங்கால் வெளிப்புறத்தில் வலிக்கும், காரணம் தெரியாமல் முழிப்பார்கள். ரோட்டை ஒட்டின மண்பாதை மட்டமாக இருக்கிற இடமெல்லாம் அதில் இறங்கி நட.

---

தண்டையார்பேட்டை_தம்பி | ஜூலை 27, இரவு 8:20

எல்லோருக்கும் நன்றி, கணக்கு ஒப்படைக்க வந்தேன்.

புது ஷூவில் இதுவரை 170 கிலோமீட்டர் நடந்துவிட்டேன். பழைய பூட்ஸை யார்டில் வேலை செய்கிற ஒருவருக்குக் கொடுத்தேன், அவருக்கு அது சரியாக இருக்கிறது.

பையை அரிசிக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன், 7.8 கிலோ காட்டியது. கடைக்காரர், "சந்தைக்குப் போறியாப்பா?" என்று கேட்டார். அங்கேயே திண்ணையில் கொட்டிப் பார்த்தேன். இரண்டு ஜீன்ஸ், டர்க்கி டவல், அரை லிட்டர் எண்ணெய், இரண்டு பவர் பேங்க், ஒரு கிலோ பேரீச்சை. எல்லாம் வீட்டுக்கும் குட்டி யானைக்கும் பிரிந்துபோயின. இப்போது தண்ணீரோடு 3.6 கிலோ.

இன்று விடிகாலை மூன்றரைக்குக் கிளம்பி பெசன்ட் நகர் மாதா கோயில் வரை நடந்தேன். இராயபுரம், கடற்கரை நிலையம், நேப்பியர் பாலம், மெரினா, சாந்தோம், சுமார் 17 கிலோமீட்டர். கலங்கரை விளக்கம் தாண்டினதும் வலது சுண்டுவிரல் பக்கம் அந்தச் சூடு வந்தது. அண்ணன் எழுதியிருந்ததை ஞாபகம் வைத்து உடனே நடைபாதையில் உட்கார்ந்தேன். சாக்ஸைக் கழற்றினால் விரல் இடுக்கில் ஒரே ஒரு மணல், கடுகு அளவு. மெரினாவில் புகுந்திருக்க வேண்டும். அந்த இடம் ரோஜா நிறத்தில் சிவந்திருந்தது, அவ்வளவுதான். துடைத்து, காய வைத்து, காகித டேப் ஒட்டி, சாக்ஸ் மாற்றினேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், நாலு நிமிஷம். கோயிலில் போய்க் கழற்றிப் பார்த்தபோது சிவப்புகூட இல்லை.

நகம் வெட்டுவது எப்போது?

---

வார்டு_அக்கா | ஜூலை 27, இரவு 9:00

கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால், நேராக. ஓரங்களை வளைத்து உள்ளே வெட்டாதீர்கள். டெட்டனஸ் ஊசி போட்டுப் பல வருஷம் ஆகியிருந்தால் இந்த வாரமே போட்டுக்கொள்ளுங்கள். அம்மா எப்படி இருக்கிறார்?

---

தண்டையார்பேட்டை_தம்பி | ஜூலை 27, இரவு 9:25

நன்றாக இருக்கிறார் அக்கா. இப்போதுகூட என் நடைப் பேண்டின் கீழ்மடிப்பில் ஒளிரும் பட்டையை உட்கார்ந்து தைத்துக்கொண்டிருக்கிறார். தானே தைத்தால்தான் நிம்மதி என்கிறார்.

---

மணலி_டிரைவர் | ஜூலை 27, இரவு 11:50

தம்பி, முன்பக்கம் மட்டும் தைக்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். ரோடு கடக்கும்போது பக்கவாட்டில்தான் தெரிவீர்கள். முழுச் சுற்றும் வரட்டும். ஆகஸ்ட் மூன்றாவது வாரம் எனக்குக் கடலூர் லோடு இருக்கிறது, அந்த வழியாகத்தான் வருவேன்.

---

தண்டையார்பேட்டை_தம்பி | ஜூலை 28, காலை 6:05

சுற்றிலும் தைத்தாயிற்று அண்ணே. இரண்டு காலுக்கும்.